திரும்பும் முகவரி

நாளை பதினொரு மணிக்கு
டார்ட்டு நகரில், பழைய கணித மாளிகைச் சுவரில்
ஒரு வெண்கலப் பலகையைத் திறந்து வைக்கிறார்கள்.
அதில் என் பெயர் இருக்கிறது.
எழுத்துப் பிழைகூட இல்லை.

அந்தச் சுவருக்குப் பின்னால்தான்
எங்கள் இயந்திரம் நின்றது.
கூடம் நிறைய அலமாரி, அலமாரி நிறைய வால்வு.
பிப்ரவரியில் ஊரே விறைத்துக் கிடக்க
நாங்கள் மட்டும் சட்டைக் கையை மடித்துவிட்டு
வேர்த்துக்கொண்டிருப்போம்.
அந்தச் சூட்டில்
வைகே ருநெல் தன் ஈரக் காலுறைகளைக் காயப்போடுவாள்.

துளை போடும் வேலைக்கு வந்தவள்.
காகித நாடா கிடைக்காத வருடம் அது.
திரையரங்கு கழித்துப்போட்ட படச்சுருளில்தான்
கட்டளைகளைக் குத்துவோம்.
குதிரைமேல் வரும் கதாநாயகனுக்கு
நெற்றியில் ஒரு கூட்டல்.
முத்தத்துக்குச் சாயும் பெண்ணின் கழுத்தில்
ஒரு கழித்தல்.
தவறி விழுந்த துளைமேல் ஒரு துணுக்கை வைத்து
சிவப்பு நகப்பூச்சால் ஒட்டி அடைப்பாள்.
நகத்தில் அவள் அதைப் பூசி நான் பார்த்ததில்லை.

ஒரே வர்க்கமூலக் கணக்கை
ஒரே நிரலில் பதினேழு இடத்தில்
பதினேழு முறை குத்த வேண்டியிருந்தது.
பதினெட்டாவதற்கு வந்தபோது
வைகே கையை எடுத்துவிட்டாள்.
"ஒரு தடவை எழுதி வைப்போம்.
வேண்டும்போதெல்லாம் அங்கே போகட்டும்."
போகும், என்று சிரித்தேன்.
போன இடத்திலிருந்து
எங்கே திரும்புவதென்று அதற்கு யார் சொல்வது?
"கடைசி வரியில் ஓர் இடத்தைக் காலியாக விடு.
கிளம்புகிறவர், கிளம்பும் வீட்டின் எண்ணை
அதில் எழுதிவிட்டுக் கிளம்பட்டும்."

பதினான்கு வயதில்,
ஒரு மார்ச் மாத இரவில் எழுப்பப்பட்டு
மாடு ஏற்றும் ரயில்பெட்டியில்
சைபீரியாவுக்குப் போனவள்.
எட்டு வருடம் கழித்துத் திரும்பியபோது
அந்த வீட்டில் வேறு யாரோ
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள்.
இதை அவள் எனக்குச் சொன்னதில்லை.
கோப்பில் படித்தேன்.
கோப்பைக் காட்டியவர் துறைத் தலைவர்.
"இந்தப் பெயர் அச்சில் வேண்டாம், ஹில்லார்."

பயந்துவிட்டேன் என்றே
இத்தனை வருடமும் சொல்லி வந்தேன்.
பயம் இருந்தது, பொய்யில்லை.
அதைவிடப் பெரிதாக இருந்தது
சௌகரியம்.

கட்டுரை மாஸ்கோவில் வெளிவந்தது.
ஒற்றைப் பெயர்.
அடிக்குறிப்பில், எறும்பு எழுத்தில்:
தட்டச்சு உதவிக்கு நன்றி, வி. ருமெல்.
அவளுக்குத் தட்டச்சே தெரியாது.
பிரதியை நீட்டினேன்.
காலுறை காயும்வரை உட்கார்ந்து முழுவதும் படித்தாள்.
"நான்காம் பக்கத்தில் ஓர் எண் தப்பு."
தப்புதான்.

எங்கள் மொழியில் வைகே என்றால் அமைதி.
பொருத்தமான பெயர் என்று
விருந்துகளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன்.
எங்கே அமைதி?
இயந்திரம் நின்றுபோனால்
அதன் ஏழு தலைமுறையையும் ரஷ்ய மொழியில் இழுப்பாள்.
பிறகு வொருவுக்குப் போய்விட்டாள்,
ரொட்டித் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவுக்கு.
இறந்த செய்தி
மூன்று வாரப் பழைய செய்தித்தாளில்,
பூட்ஸ் சுற்றி வந்த பக்கத்தில் கிடைத்தது.

இன்று இரவு
சமையலறை விளக்குக்கு எதிரே
ஒரு முழச் சுருளைப் பிடித்துப் பார்க்கிறேன்.
எவளோ ஒருத்தி படகிலிருந்து கையசைக்கிறாள்.
கையில் ஏழு துளை.
கடைசி வரிசையை இன்னும் என்னால் வாசிக்க முடிகிறது:
காலி.
அதற்கு மேலே ஒரு சிவப்புப் பொட்டு.
அந்தத் தவறு நான் குத்தியது.

பேச்சை அவர்களே எழுதித் தந்துவிட்டார்கள், இரண்டு பக்கம்.
மேயர் வருகிறாராம்.
பலகைக்கு எத்தனை திருகாணி என்று
தொலைபேசியில் கேட்டேன். அந்தப் பையன் சிரித்தான்.
நான்கு.
கோட்டுப் பையில் திருப்புளி இருக்கிறது.
எண்பத்தொன்பது வயதுக் கைக்கு
கழன்று கொடுக்குமா,
தெரியவில்லை.